விண்டோஸ் 10 லேப்டாப்பில் முதன்முதலாக லினக்ஸ்: நிறுவும் முன் செய்ய வேண்டியவை, நிறுவிய பின் வரும் சிக்கல்கள்

கேள்வி இது: இன்டெல் ஏழாம் தலைமுறை ப்ராசஸர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப். விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. லினக்ஸ் போடலாமா, எதைப் போடுவது, உள்ளே இருக்கும் கோப்புகள் அழியாமல் எப்படிப் போடுவது, தமிழ் தட்டச்சு வருமா?

தாராளமாகப் போடலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் ப்ராசஸரையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும். உங்கள் கணினி அந்தப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். கணினி இன்னும் பல வருடம் உழைக்கும். லினக்ஸுக்கு வருகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் லினக்ஸுக்குள் நுழைந்த பிறகு அல்ல, அதற்கு முன்னால்தான்: பென்டிரைவ் எழுதுவதில், விண்டோஸில் மாற்றாமல் விட்ட இரண்டு அமைப்புகளில், டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு திரையில். அதனால் இந்தப் பதிலிலும் அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம்.

லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் கெர்னல், அதாவது வன்பொருளை இயக்கும் உட்கரு, மட்டுமே. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. அதனுடன் டெஸ்க்டாப், மென்பொருள் மேலாளர், நிறுவி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருவதைத்தான் டிஸ்ட்ரோ, தமிழில் வழங்கல், என்கிறோம். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, லினக்ஸ் மின்ட் என்று நூற்றுக்கணக்கில் உண்டு. எது சிறந்தது என்று தேட ஆரம்பித்தால் ஒரு மாதம் போய்விடும். உங்களுக்கு லினக்ஸ் மின்ட் போதும். உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸில் பழகிய கை தடுமாறாமல் இருக்கும். மூன்று பதிப்புகளில் 8 ஜிபி ராமுக்கு சினமன், 4 ஜிபிக்கு எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள். மூன்றாவதான மேட்டேயும் நன்றாகவே இருக்கும், ஆனால் முதல் தடவை மூன்றையும் ஒப்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டாம்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் எடை குறைந்தது என்பது உண்மை, ஆனால் பிரவுசரின் எடையை அது குறைக்காது. இருபது டேப் திறந்தால் விண்டோஸில் தின்ற ராமைத்தான் இங்கும் தின்னும். பழைய லேப்டாப் ஊர்ந்து போவதற்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகத்தை எந்த டிஸ்ட்ரோவும் தராது. இன்னொரு லாபமும் உண்டு: பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, வெற்று எஸ்எஸ்டியில் லினக்ஸ் நிறுவினால் உங்கள் பழைய கோப்புகளைத் தொட நிறுவிக்கு வழியே இல்லை. விண்டோஸும் அப்படியே பத்திரமாக இருக்கும். முதல் முறை நிறுவுபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. எஸ்எஸ்டி வாங்கும் எண்ணம் இல்லையென்றால் ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைக்கலாம், அதற்குத்தான் கீழே உள்ள கவனம் எல்லாம்.

முதல் வேலை பேக்கப். டாக்குமென்ட்ஸ், படங்கள், டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடப்பவை, பிரவுசர் புக்மார்க்குகள், மென்பொருள் உரிம எண்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். நகலெடுத்த பிறகு வேறொரு கணினியில் செருகி நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். அதே டிஸ்க்கின் டி டிரைவில் போட்டு வைத்தால் அது பேக்கப் ஆகாது. நிறுவியில் தவறான பொத்தானை அழுத்தினால் சி, டி எல்லாம் சேர்ந்தேதான் போகும்.

அடுத்து பென்டிரைவ். மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பு (முழு நிறுவல் வட்டையும் ஒரே கோப்பாகக் கட்டியது) சுமார் 3 ஜிபி, 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்கியதும் கோப்பைச் சரிபாருங்கள்: செவன்-ஜிப் இருந்தால் ஐஎஸ்ஓ மேல் வலது கிளிக் செய்து எஸ்ஹெச்ஏ-256 எண்ணை எடுத்து, தளத்தில் கொடுத்திருக்கும் 64 எழுத்து எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு சரியில்லை. பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்துக்குள் ஊடுருவியவர்கள் இறக்கும் இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவைக் கொடுத்தார்கள். அதெல்லாம் அடிக்கடி நடப்பதில்லை. அடிக்கடி நடப்பது பாதியில் அறுந்த டவுன்லோடு. நிறுவல் எழுபது சதவீதத்தில் நின்று பிழை காட்டினால் அங்கேதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் சாதாரணமாக நகலெடுத்து ஒட்டினால் கணினி அதிலிருந்து பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு எழுத வேண்டும். ரூஃபஸில் பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுத்தால், ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும். முதலில் ஐஎஸ்ஓ முறை. பூட் ஆகவில்லையென்றால் டிடி முறையில் மறுபடி எழுதிப் பாருங்கள். டிடி முறையில் எழுதிய பென்டிரைவை விண்டோஸில் செருகினால் "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்கக்கூடும். பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று பயந்து ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.

இப்போது விண்டோஸ் பக்கம் இரண்டு அமைப்புகள். ஒன்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயக்கத்தில் இருந்தால் நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதி உறக்க நிலையில் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கும். லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் அமைப்பில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு, பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் குறியாக்கம். நீங்கள் போடாவிட்டாலும் சில லேப்டாப்புகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் தானாகவே இருக்கும். பூட் அமைப்புகளைத் தொட்டதும் நீலத்திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவி கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பதை எடுக்கவே முடியாது. ஆகவே முதலில் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், பிறகு செட்டிங்ஸில் என்கிரிப்ஷனை அணைத்து, முழுவதும் நீங்கும் வரை காத்திருங்கள். 1 டிபி சுழலும் டிஸ்க்கில் இதற்குப் பல மணி நேரம் பிடிக்கலாம்.

ஒரே டிஸ்க்கில் இரண்டு இயங்குதளம் என்றால் இடத்தையும் விண்டோஸிலிருந்தே ஒதுக்குவது நல்லது. டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவ் மேல் வலது கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 20 ஜிபி, பரிந்துரை 100 ஜிபி. உங்கள் 1 டிபியில் 150 ஜிபி ஒதுக்கினால் நெருக்கடி வராது. பெட்டியில் எம்பி கணக்கில் போட வேண்டும், 150 ஜிபிக்கு 153600. பாதி டிஸ்க் காலியாக இருந்தும் மிகக் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று சொன்னால், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். கிடைத்த காலியிடத்தை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே விடுங்கள்.

பென்டிரைவைச் செருகி கணினியை இயக்கும்போது பூட் மெனு விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசரில் எஃப்12 (கணினி எழும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அதை முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும்), ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யுஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதை எடுங்கள். விண்டோஸ் யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் இருக்க, லினக்ஸைப் பழைய லெகஸி முறையில் நிறுவினால் இரண்டும் ஒரே மெனுவில் வராது. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் நிறைய உலவுகின்றன. மின்ட், உபுண்டு, ஃபெடோரா மூன்றும் அது இயக்கத்தில் இருக்கும்போதே பூட் ஆகும்.

இப்போது திரையில் மின்ட் வந்துவிடும். இன்னும் எதுவும் நிறுவப்படவில்லை, எல்லாம் பென்டிரைவிலிருந்தும் ராமிலிருந்தும் ஓடுகிறது. இதுதான் லைவ் நிலை. இங்கே அவசரப்படாதீர்கள். வைஃபை இணைகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, கேமரா, மைக், ஒளி கூட்டும் விசைகள், டச்பேடில் இரண்டு விரல் நகர்த்தல், ப்ளூடூத், பிரின்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம், உறக்கத்திலிருந்து எழாத லேப்டாப் தினமும் தொந்தரவு. லைவில் வேகம் குறைவாகத் தெரிவது பென்டிரைவின் வேகம், லினக்ஸின் வேகம் அல்ல. வைஃபை தெரியவில்லையென்றால் பெரும்பாலும் பிராட்காம் சில்லாக இருக்கும். அதற்கான டிரைவர் தனியாக வர வேண்டும், டிரைவர் இறக்க இணையம் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க எளிய வழி: ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். மின்ட் டெஸ்க்டாப்புக்குப் பதில் வெறும் கருப்புத் திரை வந்தால் கிராஃபிக்ஸ் கார்டு தகராறு. பென்டிரைவிலிருந்து எழும்போது முதலில் வரும் மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் சரியென்றால் டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் குறியைத் திறக்கலாம். சார்ஜரைச் செருகி வையுங்கள். விசைப்பலகை கேட்கும் இடத்தில் ஆங்கிலம் யுஎஸ் என்றே வையுங்கள், தமிழ் வேண்டாம், அதைப் பிறகு சேர்க்கலாம். இங்கே தமிழ் தேர்ந்தெடுத்தால் கடவுச்சொல் பெட்டியில் ஆங்கில எழுத்து விழாமல் திண்டாட வேண்டிவரும். யுகே தேர்ந்தெடுத்தாலும் சிக்கல்தான்: அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும். அட் குறி வைத்துக் கடவுச்சொல் போட்டவர், பிறகு தளவமைப்பை மாற்றியதும் சரியான கடவுச்சொல்லைத் தட்டியும் உள்ளே போக முடியாமல் நிற்பார். அதே திரையில் ஒரு சோதனைப் பெட்டி இருக்கும், அட் குறியைத் தட்டிப் பார்த்துவிட்டு நகருங்கள். பாட்டு, வீடியோ ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் போடுங்கள்.

அடுத்து வருவதுதான் அந்தத் திரை, நிறுவும் வகை. விண்டோஸுக்கு அருகில் நிறுவு என்பது முதல் வரியாகவும், டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு என்பது அடுத்ததாகவும் இருக்கும். இரண்டாவது உண்மையிலேயே எல்லாவற்றையும் அழிக்கும், சி மட்டும் அல்ல. தனி எஸ்எஸ்டியில் நிறுவுபவர்கள் மட்டும் அதை எடுக்கலாம். ஒரே டிஸ்க் என்றால் முதல் வரி. முதல் வரி வரவே இல்லையென்றால், நிறுவி உங்கள் விண்டோஸைக் கண்டுபிடிக்கவில்லை. பென்டிரைவ் லெகஸி முறையில் பூட் ஆகியிருக்கலாம், பிட்லாக்கர் இன்னும் இருக்கலாம். டிஸ்க்கே தெரியவில்லையென்றால் பயாஸில் சேமிப்பு முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கும், அதை ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். ஆனால் நேரே மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்து, ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் மாற்றி, ஒரு முறை சேஃப் மோடில் எழுந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பினால் விண்டோஸ் தாங்கிக்கொள்ளும். எந்தக் காரணமாக இருந்தாலும் "இருக்கிற வரியை அழுத்துவோம்" என்று போகாதீர்கள். வெளியே வந்துவிடுங்கள், இதுவரை எதுவும் மாறவில்லை.

டிஸ்க்கின் பெயர்களும் குழப்பும். லினக்ஸில் சி, டி கிடையாது. சாட்டா டிஸ்க் எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி, என்விஎம்இ டிஸ்க் என்றால் என்விஎம்இ0 என்று தொடங்கும். எது பென்டிரைவ், எது டிஸ்க் என்பதை அளவை வைத்து அடையாளம் காணுங்கள். விண்டோஸில் 931 ஜிபி என்று பார்த்தது இங்கே 1000 ஜிபி என்று தெரியும். இரண்டும் ஒன்றுதான், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, நிறுவி 1000-ஆல் வகுக்கிறது. ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்), தனி ஹோம் பார்ட்டிஷன் பற்றியெல்லாம் முதல் முறை கவலை வேண்டாம், ஸ்வாப்புக்கு நிறுவியே ஒரு கோப்பை உருவாக்கிக்கொள்ளும்.

நிறுவி முடித்து ரீஸ்டார்ட் செய்தால் நேராக விண்டோஸே வருகிறதா? லினக்ஸ் போகவில்லை, பூட் வரிசையில் பின்னால் இருக்கிறது. பயாஸில் வரிசையை மாற்றுங்கள். மின்ட் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது, மின்ட் அங்கே உபுண்டு என்ற பெயரில்தான் பதிவாகும். பெரிய விண்டோஸ் புதுப்பிப்புகளுக்குப் பிறகும் இந்த வரிசை சில நேரம் மாறும். இரண்டு இயங்குதளங்களிலும் கடிகாரம் மாறி மாறித் தப்பாகக் காட்டினால், லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் கணினியின் உள் கடிகாரத்தில் எழுதுகின்றன என்பதே காரணம். வித்தியாசம் உங்கள் நேர மண்டல அளவுக்குச் சரியாக இருக்கும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். பின்னொரு நாள் லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால், விண்டோஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை கருப்புத் திரையில் க்ரப் (லினக்ஸின் பூட் மெனு) என்ற சொல்லோடு நின்றுவிடும். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்துவிட்டு அழியுங்கள்.

உள்ளே வந்ததும் முதல் நாள் வேலை மூன்று. டைம்ஷிஃப்டைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அமைப்பின் அந்த நேர நகல், எடுங்கள். தினசரி நகல்களில் 2, வாராந்திர நகல்களில் 2 வைத்திருந்தால் போதும், அதற்கு மேல் வைத்தால் டிஸ்க்கை நிரப்பும். இது அமைப்புக் கோப்புகளை மட்டும் காக்கும், உங்கள் படங்களையும் ஆவணங்களையும் காக்காது. பிறகு அப்டேட் மேனேஜரில் எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். கடைசியாக டிரைவர் மேனேஜர். என்விடியா கார்டு இருந்தால் பரிந்துரை என்று குறித்திருக்கும் பதிப்பை எடுங்கள். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் இங்கே ஒரு கடவுச்சொல் உருவாக்கச் சொல்லும், அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத்திரை வரும். அதில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். பத்து விநாடி சும்மா இருந்தால் திரை போய்விடும், டிரைவர் நிறுவியிருந்தும் வேலை செய்யாது. "என்விடியா ஓடவே மாட்டேன் என்கிறது" என்ற புகார்களில் கணிசமானவை அந்தப் பத்து விநாடியில் பிறந்தவை. புதிய கெர்னல் வந்த பிறகு ஏதாவது உடைந்தால் கலங்க வேண்டாம்: பூட் மெனுவில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் உள்ளே பழைய கெர்னல் இருக்கும், அதில் போய்ப் பாருங்கள்.

மென்பொருளை இணையத்தில் தேடி இறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடினால் விஎல்சி, ஜிம்ப், இங்க்ஸ்கேப், கேடென்லைவ் எல்லாம் கிடைக்கும், புதுப்பிப்பும் அங்கிருந்தே வரும். ஒரே மென்பொருள் இரண்டு வடிவில் தெரிந்தால் ஒன்று வழக்கமான சிஸ்டம் தொகுப்பு, மற்றது ஃப்ளாட்பேக். ஃப்ளாட்பேக் பெரும்பாலும் புதிய பதிப்பாகவும், அதிக இடம் பிடிப்பதாகவும் இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், ஃபோட்டோஷாப் இரண்டும் நேரடியாக ஓடாது. வேலைக்கு அவைதான் உயிர் என்றால் விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட முயலும் ஒயினில் ஓட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். சாதாரண ஆவணங்களுக்கு லிப்ரேஆபீஸ் போதும். வேர்டு கோப்பைத் திறந்ததும் வரிகள் இடம் மாறியிருந்தால் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். கலிப்ரிக்குப் பதிலாக அதே அகலத்தில் செய்யப்பட்ட கார்லிட்டோவையும், காம்ப்ரியாவுக்குக் கலடியாவையும் நிறுவினால் பக்க அமைப்பு பெரும்பாலும் சரியாகிவிடும். எக்செல் மேக்ரோக்களை மட்டும் நம்ப வேண்டாம்.

தமிழ் எழுத யூனிகோடு எழுத்துருக்கள் தயாராகவே வரும். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளும் அதனுடன் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பும் வேண்டும். சாஃப்ட்வேர் மேனேஜரில் அந்தப் பெயரைத் தேடி நிறுவுங்கள். பிறகு மெனுவில் இன்புட் மெத்தட் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து திரும்பி வாருங்கள். இந்த லாக்அவுட்டைத் தவிர்த்துவிட்டுத்தான் பலர் வரவில்லை என்கிறார்கள். அடுத்து ஐபஸ் அமைப்பில் தமிழின் கீழ் தமிழ்99, ஃபொனடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் என்று தெரியும், பழகியதைச் சேருங்கள். இதுவரை எதிலும் பழகாதவர் தமிழ்99 கற்றுக்கொள்வது நல்லது, புள்ளி தானாக விழுவதால் விசைத் தட்டல் குறையும். சூப்பர் விசை என்பது விண்டோஸ் குறி போட்ட விசைதான், அதையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் லினக்ஸில் கிறுக்கலாகத் தெரிந்தால் கோப்பு கெடவில்லை. அவை யூனிகோடு அல்ல, ஒருமுறை மாற்றி வைத்துக்கொண்டால் எங்கும் திறக்கும்.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் கட்டாயம் இல்லை, ஆனால் உதவி தேடினால் பதில் அதில்தான் வரும். மூன்று விஷயம் தெரிந்தால் பயம் போய்விடும். சூடோ என்று தொடங்கும் கட்டளை நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும், ஆகவே என்ன செய்கிறது என்று புரியாமல் ஒட்டாதீர்கள். கடவுச்சொல் தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூடத் தெரியாமல் போகலாம், விசைப்பலகை உறைந்துவிடவில்லை, தட்டி முடித்து என்டர் கொடுங்கள். ஆப்ட் அப்டேட் என்பது கிடைக்கும் மென்பொருள்களின் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும், மென்பொருளையே புதுப்பிப்பது ஆப்ட் அப்கிரேடு. அப்போது லாக் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், பின்னணியில் அப்டேட் மேனேஜர் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி ஓட்டுங்கள். லாக் கோப்பை அழி என்று சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றினால் பாதி நிறுவிய தொகுப்போடு அமைப்பே உடையும்.

இதற்கு மேல் சிக்கல் வந்து யாரிடமாவது கேட்க நேர்ந்தால், "வைஃபை வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்தால் கெர்னல் எண், ப்ராசஸர், கிராஃபிக்ஸ், வைஃபை சில்லின் மாடல் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும், நகலெடுக்கும் பொத்தானும் இருக்கும். அதையும், திரையில் வந்த பிழை வரியை ஓர் எழுத்து மாறாமலும் கொடுத்தால் பதில் சொல்பவர் ஊகிக்க வேண்டியதில்லை.